சிறிய கல்லூரி கூடைப்பந்து அணிக்கு ஒரு தனி ஆட்டப் பாணி: ஆள் சேர்ப்பதும் பள்ளிகளுக்குக் கொண்டு செல்வதும் எப்படி?

கேள்வி: கல்லூரி உடற்கல்வி இயக்குநர், உசிலம்பட்டி வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி வட்டாரத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாக உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றி வருகிறேன். எங்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி நீண்ட நாட்களாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். பள்ளியிலோ கல்லூரியிலோ அணி நடத்தியவர்கள் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டுகிறேன்.

எங்கள் கல்லூரியில் விடுதி கிடையாது. பேரையூர், எழுமலை, செக்கானூரணி பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து போகும் மாணவர்களே பெரும்பாலோர். மாலையில் ஆறே முக்கால் மணி வண்டியை விட்டால் பலருக்கு வீடு போய்ச் சேர வழியில்லை என்பதால், நான்கரைக்குத் தொடங்கும் பயிற்சி ஆறரைக்குள் முடிந்தாக வேண்டும். அணியில் ஆறடியைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை. உயரமான பையன் ஒருவன் கண்ணில் பட்டாலும் அவன் எங்களிடம் தங்குவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் ஆறடி மூன்று அங்குலப் பையனைப் பார்த்து, பதினோராம் வகுப்பிலிருந்தே சனிக்கிழமைதோறும் அழைத்து வந்து ஓடி வந்து கூடைக்கு அருகிலிருந்து பந்தைப் போடும் லே-அப் முதல், ஒரு காலை ஊன்றிச் சுழலும் பிவட் வரை கற்றுக்கொடுத்தேன். பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் இலவசம் என்று சொல்லி வெளியூர்க் கல்லூரி ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது. அவனுடைய தந்தை மூட்டை தூக்கிப் பிழைப்பவர். மூன்று ஆண்டுச் சாப்பாடு என்பது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய தொகை என்பது எனக்குத் தெரியும். பையன்மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. ஆனால் அதே போட்டியில் அதே ஆயுதங்களோடு நாங்கள் ஒருநாளும் வெல்ல முடியாது என்பது அன்றைக்கு உறைத்தது.

ஆகவே, உயரத்தை நம்பாத ஓர் ஆட்ட முறையை எங்கள் அணியின் அடையாளமாகவே ஆக்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். அமெரிக்காவில் கிரின்னெல் கல்லூரி ஆடும் முறையைக் காணொளிகளில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பாணியை எடுத்துக்கொண்டால் எந்த மாதிரிப் பையன்களைத் தேட வேண்டும், அவர்களிடமும் பெற்றோரிடமும் எதைச் சொல்லி அழைப்பது? சுற்றியுள்ள பள்ளிகளிலேயே இந்த ஆட்டத்தை வேரூன்றச் செய்தால், எங்களிடம் வரும்போதே பாதி பழகியவர்களாக வருவார்களே, அதற்கு என்ன வழி? நம் பக்கத்தில் யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?


பதில்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், பெரியகுளம்

வணக்கம் சார். ஆண்டுதோறும் அகில இந்தியப் போட்டி நடக்கும் ஊர்க்காரன் நான். பெரிய அணிகளின் ஆட்டத்தைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தேன். உயரமானவர்களைக் கொண்டு ஆடும் ஆட்டத்தை நாம் நகலெடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பள்ளி அணிகளை வைத்து முப்பது ஆண்டுகள் அனுபவித்தவன் என்ற முறையில் உங்கள் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது.

கிரின்னெல் என்றதும் எல்லோரும் அந்த அணியின் வீரர் ஜாக் டெய்லரைத்தான் சொல்வார்கள். 2012 நவம்பர் 20 அன்று அவர் தனியொருவராக 138 புள்ளிகள் எடுத்தார். 108 முறை கூடையை நோக்கி எறிந்தார், அவற்றில் 71 தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்கள். ஆட்டம் 179க்கு 104 என்று முடிந்தது. எதிரணி வலுவற்றது என்ற விமர்சனமும் அன்றைக்கே எழுந்தது. உங்கள் தேவைக்கு அந்த ஆட்டத்தை மறந்துவிடுங்கள். உங்களுக்குப் பயன்படப்போவது அந்த முறை பிறந்த கதை.

அயோவா மாநிலத்தில் உள்ள அந்தக் கல்லூரிக்கு டேவிட் ஆர்செனோ 1989ஆம் ஆண்டு பயிற்சியாளராக வந்தார். அந்த அணி பல ஆண்டுகளாகத் தோல்வியிலேயே கிடந்தது. அது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்த கல்லூரி. அந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது விதி. படிப்பு கடினமான இடம். பெஞ்சில் உட்கார்ந்தே பருவத்தைக் கழிப்பதற்காகத் தினமும் இரண்டு மணி நேரத்தைக் கொடுக்க எந்தப் பையன் வருவான்? வந்தவர்களையும் நிறுத்தி வைக்க முடியவில்லை. ஆகவே, எல்லோருக்கும் ஆட வாய்ப்புக் கிடைக்கும் ஆட்டம், ஆடுகிறவனுக்குச் சலிக்காத ஆட்டம் எது என்பதிலிருந்து அவர் தொடங்கினார். உங்கள் நிலைமையும் ஏறத்தாழ இதுதான்.

அந்த முறையின் உள்ளமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரணி பந்தை உள்ளே எறியும் நொடியிலிருந்தே முழு மைதானத்துக்கும் பிரஸ், அதாவது நெருக்கித் தடுக்கும் தற்காப்பு. பந்து வைத்திருப்பவனை இருவர் சூழ்ந்து ட்ராப் செய்வது. அவர்கள் தப்பித்துப் போய் லே-அப் போட்டாலும் கவலைப்படாமல் உடனே பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, பன்னிரண்டு நொடிக்குள் எறிந்துவிடுவது. எறிந்தவுடன் ரீபவுண்டுக்கு, அதாவது தவறித் திரும்பும் பந்தைப் பிடிக்கப் பாய்வது. ஒரு நிமிடம்கூட ஆகும் முன் ஐந்து பேரையும் மொத்தமாக மாற்றி அடுத்த ஐவரை இறக்குவது. இதற்கென அவர்கள் கணக்கு ஒன்றும் வைத்திருந்தார்கள். ஓர் ஆட்டத்தில் 94 முறை எறிய வேண்டும், அதில் பாதியான 47 மூன்று புள்ளி எறிதலாக இருக்க வேண்டும், தங்களுடைய தவறிய எறிதல்களில் மூன்றில் ஒன்றையாவது ரீபவுண்டாகப் பிடிக்க வேண்டும், எதிரணியை 32 முறை பந்தை இழக்கச் செய்ய வேண்டும், எதிரணியைவிட 25 எறிதல் கூடுதலாக இருக்க வேண்டும். இந்த ஐந்தில் எதிலும் வீரனின் உயரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி யாரைத் தேடுவது என்பதற்கு வருகிறேன். குறுவட்டப் போட்டிக்கும் மாவட்டப் போட்டிக்கும் போகும்போது முதல் ஐவரைப் பார்க்காதீர்கள். அவர்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பெஞ்சில் ஏழாவதாக, எட்டாவதாக உட்கார்ந்திருப்பவன் இடைவேளையில் பந்தை எடுத்து எறியும்போது மணிக்கட்டு எப்படி மடிகிறது என்று பாருங்கள். 400 மீட்டர், 800 மீட்டர் ஓடுகிற பையன்களைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக நம் மண்ணின் ஆட்டமான கபடியைப் பாருங்கள். ரெய்டு போகிறவனுக்கு 30 நொடி. அந்த முப்பது நொடியில் உடம்பிலுள்ள அத்தனையையும் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து மூச்சு வாங்குவது அவனுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். இந்த முறையில் ஓர் ஐவர் களத்தில் நிற்கும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாற்பது நிமிடமும் நிதானமாக ஆடு என்று அவனிடம் சொன்னால் திணறுவான். முப்பது நொடி வெறியோடு ஆடிவிட்டு வா என்றால் அவனுக்கு அது தன் ஆட்டம்.

என்ன சொல்லி அழைப்பது? விடுதி தர முடியாது, சாப்பாடு தர முடியாது. பன்னிரண்டு பேரும் எல்லா ஆட்டத்திலும் ஆடுவீர்கள் என்ற ஒரு வாக்கை உங்களால் தர முடியும். அதைப் பையனிடம் மட்டும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடமும் சொல்லுங்கள். பெரிய கல்லூரி அணியில் பெயர் மட்டும் இருந்து களத்தில் கால் வைக்காத பையன்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எல்லா ஊருக்கும் தெரியும். ஆனால் ஒன்று சார், அந்த வாக்கைக் கொடுத்துவிட்டு, இறுதிப் போட்டியில் மூன்று புள்ளி பின்தங்கும்போது நல்ல ஐவரை மட்டும் நிறுத்தி ஆடினீர்கள் என்றால், அடுத்த ஆண்டு உங்களை நம்பி ஒருவனும் வர மாட்டான்.

பரப்புவதைப் பொறுத்தவரை, ஆர்செனோ தன் முறையை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. நூலாகவும் பயிற்சிக் காணொளியாகவும் வெளியிட்டார். அதனால்தான் கலிபோர்னியாவில் ரெட்லண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்மித்தும், இல்லினாயில் ஒலிவெட் நசரீன் பெண்கள் அணியில் டக் போர்ட்டரும் அதை எடுத்துத் தங்கள் அணிக்கு ஏற்றபடி வளர்த்தார்கள். அதே மாநிலத்தின் கிரீன்வில் பல்கலைக்கழகம் 2019ஆம் ஆண்டு ஓர் ஆட்டத்தில் 200 புள்ளிகளே எடுத்தது. ஆர்செனோவின் மகன் 2014இல் ரீனோ நகரத்துத் தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளராகப் போகும் அளவுக்கு அந்தப் பாணி நடந்து சென்றது. கதவைத் திறந்து வைத்ததால் நடந்தது அது. நீங்களும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் எதையும் மறைக்காதீர்கள்.


பதில்: கூடைப்பந்து நடுவர், மதுரை

பெரியகுளம் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் அமெரிக்கக் கல்லூரி விதியும் நம் போட்டிகளில் பின்பற்றப்படும் சர்வதேச விதியும் வேறு வேறு என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் ஆட்டத்திலேயே திட்டம் குலைந்துவிடும்.

நம் விதியில் ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர்தான். கிரின்னெல் மூன்று ஐவர்களைச் சுழற்றும். உங்களுக்கு இரண்டு ஐவரும் கூடுதலாக இருவரும் மட்டுமே. அடுத்து, ஆள் மாற்றம் நினைத்த நேரத்தில் நடக்காது. பந்து செயலற்று, ஆட்டக் கடிகாரமும் நின்றிருக்க வேண்டும். கூடை விழுந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நான்காவது கால்பகுதியிலும் கூடுதல் நேர ஆட்டத்திலும் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் கூடை விழுந்ததும் அது நிற்கும், அப்போதும் கூடையை விட்டுக்கொடுத்த அணிதான் மாற்றத்தைத் தொடங்க முடியும். ஆகவே விசில் வராமலே ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓடினால் உங்கள் ஐவர் களத்திலேயே மூச்சுத் திணறி நிற்பார்கள். மாற்று வீரர்கள் ஐவரும் தாங்களே மேசைக்கு வந்து கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் தூரத்திலிருந்து கையை ஆட்டினால் போதாது. விசில் வந்தபின் எழுந்து ஓடி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஃபவுல் கணக்கும் முக்கியம். ஒரு கால்பகுதியில் நான்கு அணி ஃபவுலுக்குப் பிறகு, ஐந்தாவதிலிருந்து ஒவ்வொரு தற்காப்பு ஃபவுலுக்கும் எதிரணிக்கு யாரும் தடுக்காமல் எறியும் இரண்டு ஃப்ரீ த்ரோ. முழு மைதானப் பிரஸ் ஆடும் கத்துக்குட்டி அணிகள் இந்த நான்கை மூன்று நிமிடத்தில் தீர்த்துவிடுகின்றன. கையை நீட்டித் தட்டிப் பறிக்கும் பழக்கத்தை ஒழித்து, காலை நகர்த்தி வழியை அடைக்கும் பழக்கத்தைக் கொண்டு வராமல் பிரஸ்ஸைத் தொடாதீர்கள்.

நமக்குச் சாதகமான விதியும் உண்டு. தன் பக்கத்துப் பாதி மைதானத்திலிருந்து பந்தை எட்டு நொடிக்குள் முன்பாதிக்குக் கொண்டு வர வேண்டும். அமெரிக்க ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் அது பத்து நொடி. ஒரே ஒரு ட்ராப்பில் மூன்று நொடியை விழுங்கிவிட்டால் பந்தைக் கொண்டு வரும் எதிரணியின் கார்டு பதறிப்போவதை மேசையருகிலிருந்தே பார்த்திருக்கிறேன். நம் ஊர் மைதானங்கள் பலவற்றில் கூடைக் கம்பத்தின்மேல் 24 நொடிக் கடிகாரம் இருப்பதில்லை. மேசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுப்பார். வேகமாக ஆடும் அணிக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை.


பதில்: மகளிர் கல்லூரிப் பயிற்சியாளர், திண்டுக்கல் பக்கம்

வணக்கம் சார். நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். இது மூன்றாவது ஆண்டு. எங்கள் அனுபவத்தைக் கூடியவரை முழுமையாக எழுதுகிறேன், ஏனெனில் நாங்கள் தொடங்கும்போது கேட்பதற்கு எங்களுக்கு ஆள் இல்லை.

முதல் ஆண்டு அணியில் முன்பே கூடைப்பந்து ஆடியவர்கள் ஐந்து பேர்தான். மீதி ஏழு பேரில் நான்கு பேரை கோ-கோ அணியிலிருந்து எடுத்தேன். துரத்துவதில் அவர்களுக்கு இணை யாரும் இல்லை. ஆனால் முதல் சில வாரம் ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது. பந்தோடு வரும் பெண்ணை நோக்கிப் பாய்வார்கள், அவள் பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தட்டி மாற்றித் திரும்பிவிட்டால் இவர்கள் நேராக ஓடிக்கொண்டே இருப்பார்கள். எனக்குக் காரணம் புரியவே பத்து நாள் ஆனது. கோ-கோவில் எழுந்து ஓடும் பெண் ஒரு திசையை எடுத்துவிட்டால் கம்பம் வரை திரும்பக் கூடாது. ஆறாம் வகுப்பிலிருந்து உடம்பில் ஊறிய விதி அது. அதை மாற்றப் போராடுவதற்குப் பதிலாக, அவர்களைப் பந்தின் பின்னால் அனுப்பாமல் நடுப்பக்கத்திலிருந்து பக்கக் கோட்டை நோக்கி விரட்டும் வேலைக்கு வைத்தேன். ஒரே திசையில் நெருக்கிக்கொண்டு போனால் போதும், கோட்டருகே இன்னொருத்தி வந்து ட்ராப்பை மூடிவிடுவாள். அன்றிலிருந்து எங்கள் பிரஸ் பிரஸ்ஸாக ஆனது. உங்கள் கபடிப் பையன்களிடமும் இப்படி ஏதாவது பழக்கம் ஒளிந்திருக்கும். அதைத் தவறு என்று ஒதுக்கும் முன் எங்கே பயன்படும் என்று பாருங்கள்.

நாங்கள் செய்த பெரிய தவறு மூன்று புள்ளி எறிதலில். பயிற்சியில் நன்றாக விழுந்த பந்து, வெளியூர் ஆட்டத்தில் வளையத்தின் முன்விளிம்பைக்கூடத் தொடவில்லை. பதற்றம் என்றுதான் நினைத்தேன். ஒரு மாலை, வளையத்தின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே ஓர் ஆணியை வைத்துச் சணல் கயிறு கட்டி அளந்தபோது, எங்கள் சிமெண்டுத் தளத்தில் இருந்த மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டர்தான் என்று தெரிந்தது. 2010இல் சர்வதேச விதி அதை 6.75 மீட்டராக ஆக்கிய பிறகும் யாரும் அழித்து வரையவில்லை. அரை மீட்டர்! மாணவிகளே சுண்ணாம்புப் பொடியால் புதுக் கோட்டைக் குறித்து, மறுநாள் மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். பள்ளிகளில் ஆள் தேடும்போதும் கோட்டை அளந்து பார்த்துவிட்டுத்தான் யார் எறிதலில் வல்லவர் என்று முடிவு செய்யுங்கள்.

ஆள் மாற்றத்தில் நடுவர் ஐயா சொன்னதை நாங்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இப்போது விசிலுக்காகக் காத்திருக்கும் ஐவர், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மேசையருகே நாற்காலியில் தயாராக இருப்பார்கள். கூடுதலாக உள்ள இருவர் எந்த ஐவரிலும் நுழையக்கூடியவர்கள். பந்தைக் கொண்டு செல்லும் திறமை அந்த இருவருக்கும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். இது எங்களுக்குப் பலமுறை கைகொடுத்தது.

பள்ளிகளுக்குக் கொண்டு செல்வது பற்றி. முதலில் பயிற்சி முகாம் நடத்தினேன். ஆசிரியர்கள் வந்தார்கள், குறிப்பெடுத்தார்கள், தேநீர் குடித்தார்கள், ஊருக்குப் போய்ப் பழையபடியே ஆடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குறுவட்டப் போட்டியில் தோற்றால் தலைமையாசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். புதிய முறையை எப்படித் துணிந்து எடுப்பார்கள்? இரண்டாவது ஆண்டு முகாமை விட்டுவிட்டு, சனிக்கிழமைகளில் ஆறு பள்ளிகளுக்கு ஒரு சிறு போட்டியை நடத்தினோம். அதற்கு நாங்களே ஒரு விதி வைத்தோம். ஒவ்வொரு அணியும் இரண்டு ஐவரைக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு கால்பகுதியிலும் முதல் ஐந்து நிமிடம் ஓர் ஐவர், அடுத்த ஐந்து நிமிடம் மற்ற ஐவர். எந்தப் பெண்ணும் இரண்டு ஐவரிலும் ஆட முடியாது. அவ்வளவுதான். பிரஸ் ஆடுங்கள், வேகமாக எறியுங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம்தான் என்று தெரிந்தவுடன் பெண்கள் தாமாகவே ஓடத் தொடங்கினார்கள். பத்துப் பேர் தேவை என்று ஆனவுடன் ஆசிரியர்கள் தாமாகவே ஒன்பதாவது, பத்தாவது பெண்ணுக்கும் எறியக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த ஆண்டு முதலாண்டில் சேர்ந்த நான்கு பேர் அந்தப் போட்டியில் ஆடியவர்கள். மூவர் தங்கள் பள்ளியில் இரண்டாவது ஐவரில் இருந்தவர்கள்.

வெற்றியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். உயரமும் அனுபவமும் உள்ள அணிகளிடம் இன்னும் தோற்கிறோம், சில நேரம் மிக மோசமாகத் தோற்கிறோம். ஆனால் மூன்று ஆண்டில் பாதியில் அணியை விட்டுப் போனவள் ஒருத்திதான், அவளும் திருமணத்துக்காக.


பதில்: முன்னாள் பல்கலைக்கழக வீரர், இப்போது பள்ளிப் பயிற்சியாளர், மேலூர்

மேடம் எழுதியதை மதிப்போடு படித்தேன். இருந்தாலும் உயரமில்லாத அணிக்கு வேகம் ஒன்றே வழி என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

உதவித்தொகை இல்லாமல் அணி நடத்திய இன்னொருவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பீட் கேரில். 1967 முதல் 1996 வரை அங்கே பயிற்சியாளர். அவர் கிரின்னெலுக்கு நேர் எதிராக ஆட்டத்தை மெதுவாக்கினார். உயரமானவர்களைக் கூடையைவிட்டு வெளியே இழுத்து, பொறுமையாகப் பந்தைக் கைமாற்றி, எதிராளி ஓர் அடி முன்னே வைத்ததும் அவன் முதுகுக்குப் பின்னால் வெட்டிச் சென்று லே-அப் போடுவது அவருடைய பாணி. 1989 தேசியப் போட்டியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திடம் 50க்கு 49 என்று ஒரே புள்ளியில் தோற்றார். 1996இல் அதே போட்டியில் நடப்பு வெற்றியாளரான யூ.சி.எல்.ஏ. அணியை 43க்கு 41 என்று வென்றார். நாற்பத்து மூன்று புள்ளி!

அந்தப் பாணி எப்படிப் பரவியது என்பது உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். கேரிலிடம் ஆடிய பையன்களே பயிற்சியாளர்களாகி அதை எடுத்துச் சென்றார்கள். 1989இல் அவரிடம் தப்பிப் பிழைத்த ஜார்ஜ்டவுன் அணியின் பயிற்சியாளர் ஜான் தாம்சன். அவருடைய மகன் மூன்றாம் ஜான் தாம்சன் பிரின்ஸ்டனில் கேரிலிடமே ஆடிப் பழகியவர். 2004இல் தந்தை இருந்த அதே ஜார்ஜ்டவுனுக்குப் பயிற்சியாளராக வந்து, அந்தப் பாணியோடு 2007இல் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக அதைக் கொண்டு சென்றார். ஆகவே, சார், உங்கள் அணியில் உடற்கல்விப் படிப்புக்குப் போக நினைக்கும் பையன்கள் இருந்தால் அவர்கள்மேல் தனிக் கவனம் வையுங்கள். பள்ளிகளுக்கு உங்கள் பாணியைக் கொண்டு போகப்போகிறவர்கள் அவர்கள்தான். பத்து ஆண்டு ஆகும், ஆனால் நிற்கும்.

வேகத்தைத்தான் எடுப்பேன் என்றால் ஒரு வேண்டுகோள். 1989-90 பருவத்தில் பால் வெஸ்ட்ஹெட் பயிற்சியில் லயோலா மேரிமவுண்ட் அணி ஓர் ஆட்டத்துக்கு சராசரி 122.4 புள்ளிகள் எடுத்து ஓடிய ஓட்டத்தை எல்லோரும் புகழ்வார்கள். அந்த அணியின் ஹேங்க் கேதர்ஸ், இதயத் துடிப்பில் கோளாறு இருப்பது முன்பே தெரிந்திருந்தும் ஆடியவர், 1990 மார்ச் 4 அன்று ஆட்டத்தின் நடுவில் களத்திலேயே சரிந்து இறந்துபோனார். வயது 23. நம் ஊரில் பள்ளி முடித்து வரும் பையனுக்கு அதுவரை ஒருமுறைகூட இதயப் பரிசோதனை நடந்திருக்காது. சித்திரை வெயில் தணியாத நான்கரை மணிச் சிமெண்டுத் தளத்தில் முழு மைதானம் ஓட விடுவதற்கு முன், அணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் மருத்துவர் பார்வையும் ஓர் இ.சி.ஜி.யும் கட்டாயம் என்று வைத்துவிடுங்கள். இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.


கேள்வி கேட்டவர்

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு இரவுகள் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மேலூர் நண்பர் சொன்ன மெதுவான ஆட்டம் எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் அதற்கு ஐந்து பேரும் ஒருவர் மனத்தை ஒருவர் படிக்கும் அளவுக்கு நீண்ட பயிற்சி வேண்டும். ஆறே முக்கால் பேருந்து எனக்கு அந்த நேரத்தைத் தராது. இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு பேரையும் களைப்படைய வைத்து அனுப்பக்கூடிய முறையாகக் கிரின்னெல் முறையே எங்களுக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது. இதயப் பரிசோதனையை இந்த ஆண்டே கட்டாயமாக்கக் கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அணியில் இருவர் உடற்கல்விப் படிப்புக்குப் போக விரும்புகிறார்கள். அவர்களை இனி சனிக்கிழமைகளில் என்னோடு பள்ளிகளுக்கு அழைத்துப் போவேன்.

பெரியகுளம் ஐயா சொன்னபடி நேற்று ஒரு பள்ளிக்குப் போய்ப் பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தேன். எட்டாவதாக இருந்த பையன், கபடியில் மாவட்டம் வரை போனவன், இடது கைக்காரன். எல்லா ஆட்டத்திலும் ஆடுவாய் என்று சொன்னதும், "நிஜமாவா சார்?" என்று இரண்டு முறை கேட்டான். அவன் கேட்ட விதம் இன்னும் காதில் நிற்கிறது. அவனுடைய பள்ளியின் கோட்டை அளக்க வேண்டும் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது, கையில் கயிறு இல்லை. மேடம், அளக்கும்போது கவனிக்க வேண்டியது வேறு ஏதாவது உண்டா?


பதில்: மகளிர் கல்லூரிப் பயிற்சியாளர், திண்டுக்கல் பக்கம்

எட்டு மீட்டர் கயிறு போதும் சார். பள்ளிக் கம்பங்கள் பல முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் என்பதால், கம்பத்திலிருந்து அளக்காதீர்கள். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போய், வளையத்தின் நடுவிலிருந்து தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் ஆணியை வையுங்கள். வளையத்தின் உயரத்தையும் அப்படியே பார்த்துவிடுங்கள், 3.05 மீட்டர் இருக்க வேண்டும். தரையில் மேல்பூச்சு போட்டபோது எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அது நான்கு விரற்கடை குறைந்து போயிருந்தது. மூலையில் கோடு வளையாது. பக்கக் கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நேராக வர வேண்டும். அந்த இடது கைப் பையனை முதலில் வலது மூலையில் நிற்க வைத்து எறியச் சொல்லிப் பாருங்கள். எங்கள் அணியில் இருக்கும் இடது கைக்காரிக்கு அங்கிருந்துதான் முதலில் விழத் தொடங்கியது.